கலியாண வீடியோவில் கண்ட முகம்

என் மனுசி பாலேஸ்வரி முப்பது வருசம் கணக்குப் படிப்பித்தவள். பழைய பிள்ளைகளை வெள்ளவத்தைக் காலி வீதியில் எங்கே கண்டாலும் பெயர், வகுப்பு, வாங்கிய புள்ளி எல்லாம் ஒப்புவிப்பாள். எனக்கும் அதில் பெருமைதான். அதனால்தான் அடையாள அணிவகுப்பில் வரிசையாக நின்றவர்களுக்குள் இவன்தான் கள்ளன் என்று அவள் கார்த்திகன் என்ற பெடியனைத் தொட்டபோது நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

அதற்கு ஒரு கிழமைக்கு முன், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் ஒருவன் அவளுடைய சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தான். சங்கிலி தெரிகிற படம் வேண்டும் என்றது பொலிஸ். மகள் மிதுனாவின் கலியாண வீடியோவை இவள் நாள் முழுக்கப் போட்டுத் தேடினாள். கலியாண மண்டபத்தில் பரிமாறிய கார்த்திகனை, சங்கிலியை அங்கே கண்டிருப்பான் என்ற சந்தேகத்தில் பொலிஸ் பிடித்தது. மூன்றாம் நாள் அவன் நீதவானிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பிறகு வழக்கில், அடிக்குப் பயந்து சொன்னேன் என்றான். டீச்சரே தொட்டுக் காட்டிய பிறகு அவன் கதையை யார் கேட்பது? ஐந்து வருசம் மறியலில் அடைத்தார்கள்.

சங்கிலி போன கவலையில் அந்த வீடியோவை நாங்கள் பிறகு தொடவில்லை. இரண்டு வருசம் கழித்து லண்டனிலிருந்து வந்த மிதுனா ஆசைக்கு அதைப் போட்டாள். கழுத்தில் சங்கிலியோடு பாலேஸ்வரி சாப்பிடுகிறாள். பக்கத்தில் குனிந்து பாயசம் ஊற்றுகிறான் கார்த்திகன். அந்த இடத்தையே பாலேஸ்வரி மூன்று தரம் ஓடவிட்டாள். கடவுளே, சங்கிலியைத் தேடித் தேடி இவள் பாடமாக்கியது அவன் முகத்தையல்லவா!

"ஒழுங்கைக்குள்ள நான் முகமே வடிவாப் பாக்கேல்லையப்பா," என்றாள். "இந்த முகத்தைத்தான் போய்த் தொட்டனான்."

நான் பயந்தாங்கொள்ளி. சும்மா விடு, கோடு கச்சேரி உனக்கெதற்கு என்றேன். இரண்டு நாள் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. பிறகு அவளோடு புதுக்கடை நீதிமன்றத்தடிக்குப் போனேன். அங்கே கார்த்திகனின் சட்டத்தரணி, பொய்ச்சாட்சி என்று உங்கள் மேலேயே வழக்கு வரலாம் டீச்சர் என்று எச்சரித்தார். பேனாவைத் தாருங்கள் என்று வாங்கி, கள்ளனின் முகத்தைக் காணவில்லை என்ற சத்தியக்கடதாசியில் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

மேன்முறையீட்டில், அடிக்குப் பயந்து அவன் முன்பு கொடுத்த வாக்குமூலமும் எடுபடவில்லை. விடுதலை என்றார்கள்.

மன்னிப்புக் கேட்காமல் தனக்குச் சோறு இறங்காது என்று மறியல் வாசலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காலையில் நாலு பேர் வெளியே வந்தார்கள். எல்லோரும் மெலிந்து, தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தார்கள். பாலேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதில ஆரப்பா அவன்?"

எனக்கும் தெரியவில்லை. நாலு பேரில் ஒருவன் எங்களைக் கண்டு தானாகவே கிட்ட வந்தான்.

"டீச்சர், நான்தான் கார்த்திகன்," என்றான்.