தொட்டித் தண்ணீரில் ஓம வாசம்

கோழி சாகிற பண்ணையில் முதலில் சாவது சத்தம்தான். போன வாரம் வரை செங்கோடன் பண்ணையில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். புதிதாக முட்டைக்கு வந்த பத்தாயிரம் கோழி சேர்ந்து கூப்பாடு போட்டால் சும்மாவா? இன்று கூண்டு வரிசைக்கு நடுவே நின்ற சௌந்தர்யாவுக்குத் தன் மூச்சே கேட்டது. உயிரோடு இருந்த கோழிகளில் பாதி, கழுத்தைத் திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. வெளியே, செத்தவற்றைப் புதைக்கக் குழி தோண்டிய பொக்லைன் ஓய்ந்து நின்றது.

டாக்டர் செத்த கோழியை அறுத்துப் பார்த்தார், ரத்தத்தையும் சோதித்தார். வெள்ளைக்கழிச்சல், கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் தொற்றுநோய். அதைவிடக் கொடுமை, ரத்தத்தில் தடுப்பு மருந்து ஏறிய அடையாளமே இல்லையாம். "மருந்து ஊத்துனீங்களா, இல்ல ஊத்துனதாச் சொல்றீங்களா?" என்று அவர் கேட்டதில் சௌந்தர்யாவின் புருஷன் நவநீதகிருஷ்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. ஊற்றினார்களே! ஒரு தவணை தவறாமல் தொட்டித் தண்ணீரில் ஊற்றினார்களே! அப்படியானால் மருந்து கெட்ட மருந்து. கொண்டுவந்தவன் குமரகுரு. வேறு எவன் கழுத்தைப் பிடிப்பது?

குமரகுரு மருந்துக் கடைக்காரன். ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்த் தடுப்பு மருந்து கொடுக்கிறவன். அவனை உடனே வரச்சொல்லிப் போன் போயிருந்தது. ஊர் முழுக்க அதற்குள் சேதி பரவியாயிற்று, குமரகுரு மருந்தால் செங்கோடன் பண்ணை போச்சு என்று. இனி எந்தப் பண்ணைக்காரன் அவனைக் கேட்டுக்குள் விடுவான்? பெண்டாட்டி பிள்ளையோடு அவன் எங்கே போவான்? இதை நினைத்தபோது சௌந்தர்யாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் பாவத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் வேதியியலில் எம்.எஸ்ஸி. திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவள். படிப்பு முழுக்க ஓமமும் கற்பூரவல்லியும்தான். அவற்றின் எண்ணெயை வடித்து, கருவியில் விட்டு, எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவள். ஓம எண்ணெயில் ஏறக்குறையப் பாதி தைமால். கற்பூரவல்லியில் கார்வக்ரால். இரண்டும் கிருமியின் மேல்தோலில் உள்ள கொழுப்பில் போய்ப் புகுந்து, அதை ஓட்டையாக்கி, உள்ளே இருப்பதை வெளியே வழியவிட்டுக் கொல்லும். கிருமி படர்ந்த கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு வைத்தால், மறுநாள் சொட்டைச் சுற்றி வட்டமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த வட்டத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று அவள் சோறு தின்ன மறந்துபோனாள்.

முட்டையில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறதென்று ஒரு லாரி முட்டை திரும்பி வந்தபோது, இந்த வீட்டில் அந்தப் படிப்புக்கு வேலை வந்தது. பின்கட்டில் எவர்சில்வர் கொதிகலன் வைத்து எண்ணெய் வடித்தாள். தண்ணீரோடு சேர்வதற்கு ஒரு கரைப்பானைக் கலந்து குலுக்கி, கோழி குடிக்கிற தொட்டியில் அளவாக ஊற்றச் சொன்னாள்.

"கோழிக்கு ஓமத்தண்ணியா? அடுத்தால வசம்பு ஒரசி நாக்குல வெப்பியா அம்மிணி?" என்று மாமனார் செங்கோடன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரித்த மனுஷன் மூன்று மாதத்தில் பக்தராகிவிட்டார். கோழிகளுக்கு அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு நின்றது, முட்டை ஓடு கெட்டியானது. தினமும் எண்ணெய் ஊற்றும் வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். "எங்கூட்டு அம்மிணி கண்டுபுடிச்சது. எந்தக் கிருமியா இருந்தாலும் கொன்னுபோடும்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை. புதுக் குஞ்சு இறங்கிய நாளிலிருந்து இந்தப் பத்தாயிரமும் ஓம வாசத்திலேயே வளர்ந்தன.

குமரகுரு வண்டியை நிறுத்திக் காலை ஊன்றுவதற்குள் நவநீதகிருஷ்ணன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எங்கடா வெச்சிருந்தே மருந்த? பொட்டிய வெயில்ல போட்டுட்டு டீக்கடையில உக்காந்திருந்தியா?"

"சத்தியமா இல்லீங்ணா! போன தவண இதே பொட்டியில இருந்துதானுங்ணா மயில்சாமி அண்ணன் பண்ணைக்கும் குடுத்தேன். அங்க ஒரு கோழி கண்ண மூடுலீங்க. போயிப் பாருங்க."

"பொய் பேசறயா?" பளாரென்று ஓர் அறை விழுந்தது. குமரகுரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். திருப்பி அடிக்கவில்லை, அழவும் இல்லை.

சௌந்தர்யாவுக்கு எங்கோ சுருக்கென்றது. மயில்சாமி பண்ணை ரெண்டு தோட்டம் தள்ளித்தான். பெட்டி ஒன்று, மருந்து ஒன்று. அங்கே கோழி பிழைத்துக் கிடக்கிறது, இங்கே குழி தோண்டுகிறோம். வேறாக இருந்தது எது? தண்ணீர். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

செங்கோடன் நடுவில் புகுந்து மகன் கையைப் பிரித்துவிட்டார். "உடுறா. அடிச்சாப்புல செத்தது எந்திரிச்சு வந்துருமா? நம்ம பக்கம் ஒரு கொறையும் இல்ல, அது கருப்பணாருக்குத் தெரியும். குளோரின் ரெண்டு நாளுக்கு முந்தியே நிறுத்துனோம். தண்ணிய நிறுத்திக் கோழிக்குத் தாகம் எடுக்க வெச்சோம். மிச்சக் குளோரின் மருந்தக் கெடுக்காம இருக்கப் பால்பவுடர் கரைச்சோம். கற்பூரம் கொளுத்திக் கும்புட்டுட்டுத்தான் மருந்தே ஊத்துனோம். மருந்து ஊத்தற நாளு பண்ணைக்குப் பொங்கலாட்ட நோம்பியாச்சே, நோம்பியும் அதுவுமாக் கொறையா ஊத்தலாமான்னு அம்மிணி எண்ணெயக்கூட ஒவ்வொரு தவணையும் ஒரு மூடி சேத்தித்தான் ஊத்துனேன்."

சௌந்தர்யா மாமனாரின் அருகே வந்தாள்.

"மருந்து கலந்த தண்ணியிலீங்களா மாமா?"

"அதுலதான் சாமி. எந்தக் கிருமியா இருந்தாலும் கொல்லும்னு நீதானே சொன்னே?"

சொன்னாள். அவள்தான் சொன்னாள். குளோரின் பட்டால் மருந்து கெடும் என்பது நாமக்கல்லில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். தவணை தவறாமல் "குளோரின நிறுத்தியாச்சுங்களா மாமா?" என்று கேட்ட வாய் அவளுடையது. எண்ணெயை நிறுத்துங்கள் என்று அந்த வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. குளோரின் டப்பாவில் மண்டையோடு படம் போட்டிருந்தது, ஓமம் அஞ்சறைப்பெட்டியில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். வீட்டு மருந்து என்ன செய்துவிடும் என்ற நினைப்பு, எம்.எஸ்ஸி படித்த மண்டைக்குள்ளும் காலை நீட்டிப் படுத்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது, வேலி கட்டியவள் இவள்.

"மாமா," என்றாள். "தடுப்பு மருந்தும் கிருமிதானுங்க. வீரியம் கொறைச்சு, உசுரோட தண்ணியில உடற கிருமி. அதுக்கும் மேல கொழுப்புத் தோலு இருக்குதுங்க. அது உசுரோட கோழிக்குள்ள போனாத்தான் கோழிக்குச் சக்தி வரும். நம்ம எண்ணெ அத தொட்டியிலேயே கொன்னுபோட்டுதுங்க."

செங்கோடன் கூண்டு வரிசையைக் கையால் காட்டினார். "அப்ப அத்தனையும் நாந்தான் கொன்னனா அம்மிணி?"

"நீங்க இல்லீங்க மாமா. நான்."

ஐயோ, அந்த மனுஷன் ஓங்கி ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

நவநீதகிருஷ்ணன் அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். "இது ஊட்டோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா காறித் துப்புவானுக. மருந்து கெட்டுப்போச்சுன்னே இருந்துட்டுப் போவுது."

குரலைத் தாழ்த்தி என்ன புண்ணியம், சத்தம் செத்த பண்ணையாயிற்றே. "அப்ப எம்பட பேரு கெட்டாப் பரவால்லீங்களாண்ணா?" என்று குமரகுரு கேட்டான்.

அப்போதுதான் செங்கோடன் திடுக்கென்று நிமிர்ந்தார். "அடக் கடவுளே! மயிலு பண்ணையில மருந்து என்னைக்கு?"

"இன்னிக்குத்தானுங்க. காத்தால அங்க ஊத்திட்டுத்தான் நேரா வாரேன்," என்ற குமரகுரு சற்று நிறுத்தினான். "தொட்டியத் தெறந்தப்ப ஓம வாசம் அடிச்சுதுங்க. நல்லதுக்குத்தானேன்னு நானும் கேட்டுக்குலீங்க."

"நேத்து ஒரு கேன் எண்ணெ குடுத்தனுப்புனனே! பங்காளியாச்சே, அவனும் நல்லா இருக்கட்டும்னு..." கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். "எம்பட வாயாலயே சொல்லிப்போட்டு வாரேன்."

சௌந்தர்யா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "போவக்கூடாதுங்க மாமா! நோவு நம்ம செருப்புல இருக்குது, வேட்டியில இருக்குது. நாமளே கொண்டுபோயிக் குடுத்த மாதிரி ஆயிரும். குமரகுருண்ணா, நீங்களும் இன்னிக்கு எந்தப் பண்ணைக்கும் போயராதீங்க."

போனைப் போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் மயில்சாமி எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டார். "நெம்ப நல்ல எண்ணெயண்ணா! மருந்தோட சேத்தி ரெண்டு மூடி ஊத்திப்போட்டேன். கோழிக இளுத்து இளுத்துக் குடிச்சுதுங்க. ஆமா, உங்க பண்ணை எப்படியிருக்குதுங்ணா? எல்லாம் அந்தக் குமரகுரு பயலாலதானாமா?"

"மயிலு..." என்றார் செங்கோடன். போனை மருமகளிடம் நீட்டினார். நவநீதகிருஷ்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். சௌந்தர்யா அவனைப் பார்த்துக்கொண்டே வாங்கினாள்.

"மாமா, சௌந்தர்யா பேசறனுங்க. காத்தால ஊத்துன மருந்து செத்துப்போச்சுங்க. எண்ணெய நிறுத்திப்போட்டு, தொட்டிய, பைப்ப எல்லாம் வாசம் போற வரைக்கும் அலசி உட்டு, மறுக்கா மருந்து ஊத்தோணுங்க. சீக்கரம் ஊத்தோணும், நோவு எங்க பண்ணையிலதான் இருக்குது. குமரகுருவால எங்க கோழி சாகலீங்க மாமா. நான் வடிச்ச எண்ணெயாலதானுங்க செத்துது."

அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோயிற்று. மயில்சாமி பண்ணையின் கோழிச் சத்தம் மட்டும் போனுக்குள்ளிருந்து காது கிழியக் கேட்டுக்கொண்டிருந்தது.