அக்கா பேசிய வசனம்

அக்காவைப் பார்த்துச் சிரிக்க நாடகக் கொட்டகையில் டிக்கெட் வாங்க வேண்டும். அவளுடைய தையல் கடைக்கே வந்து சிரித்தால் இலவசம். சிக்கனம் பார்க்கிறவர்கள் கடைக்கே வந்தார்கள். கிழியாத சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "கதவைச் சாத்தாதீங்க, அவர் வர்ற நேரம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, சட்டையைக் கொடுக்காமலே திரும்பிப் போவார்கள்.

நாடகத்தில் ஒரு தையற்காரி. தன் கல்யாண உடுப்பைத் தானே தைத்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குக் காத்திருக்கிறாள். மாப்பிள்ளை வருகிற வழியாக இல்லை. உடம்புதான் வருஷா வருஷம் பெருக்கிறது; அவளும் உடுப்பின் தையலைப் பிரித்துப் பிரித்துத் தளர்த்திக்கொண்டே இருக்கிறாள். சாயங்காலமானால் வாசலைப் பார்த்தபடி அந்த வசனம். கொட்டகை அதிரும். எழுதியவன் அக்காவின் தம்பி. கதைக்காக அவன் எங்கேயும் அலையவில்லை. சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான், எதிரே அக்கா இருந்தாள், எழுதிவிட்டான்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. வளர்த்துப் படிக்கவைத்தவள் அக்கா. எழுதுகிறேன் பேர்வழி என்று அவன் வீட்டோடு உட்கார்ந்த பிறகும் சாப்பாடு போட்டவள் அவள்தான். நன்றி எல்லாருக்கும் வாய்க்கிற குணமில்லை என்று அதை விட்டுத்தள்ளலாம். ஆனால் இந்தப் பிள்ளை, அரங்கேறிய அன்று அக்காவுக்கு முன்வரிசை டிக்கெட் கொண்டுவந்து நீட்டினான். அது எந்த ரகத்தில் சேர்த்தி என்று இன்றுவரை பிடிபடவில்லை.

"நிறுத்துடா. எனக்குக் கடையைத் திறக்கவே கூசுது" என்றாள் அக்கா.

"என் கையில இல்லை அக்கா. கம்பெனிக்கு வித்தாச்சு."

அது பொய்யில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. எழுதியவன் நாடகத்தைக் கம்பெனி முதலாளியிடம் மொத்தமாக விற்றுவிட்டு, தன் கைப்பிரதியை அவர் கண்ணெதிரே கிழித்துப் போட வேண்டும். இன்னொருவனிடம் போய் விற்றுவிடக் கூடாதே. முழுப் பிரதி ஒன்றே ஒன்று, முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கும். நடிகர்களிடமும் அதைக் காட்டமாட்டார்கள். அவரவர் பேச வேண்டியது மட்டும் ஒரு தாளில் கிடைக்கும். எப்போது பேசுவது என்று தெரிய, எதிராளி பேசி முடிக்கிற கடைசி இரண்டு வார்த்தை முன்னால் எழுதியிருக்கும். மீதியை மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இத்தனை கட்டுக்காவலும் போட்டிக் கம்பெனிக்காரனுக்குப் பயந்து. அவன் நல்ல ஞாபகசக்தி உள்ள ஆட்களைப் பின்வரிசையில் உட்காரவைத்து, நாடகத்தையே மனப்பாடமாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அப்புறம் புதுச் சட்டம் வந்தது. நாடகம் எழுதியவனுக்கே சொந்தம். மேடை உரிமையைத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, அவன் சம்மதமில்லாமல் எவரும் நடத்தக் கூடாது. தம்பி ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தான்.

"உரிமை கைக்கு வந்த மறுநாளே நிறுத்திடறேன் அக்கா. சத்தியமா."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவர்தான் எழுதினார்னு காட்டணும்மா. கைப்பிரதியைக் கிழிச்சுட்டார். முழுப் பிரதியைக் கரையான் அரிச்சுடுச்சுன்னு முதலாளி கையை விரிக்கிறார். ஒத்திகையில நடிகர்களே பேசிப் பேசி உண்டாக்கின நாடகமாம். இது எங்க வீட்டுக் கதைன்னு நீங்க வந்து சொல்லணும். வேற சாட்சி இல்லை."

நாடகத்தை நிறுத்த வேண்டுமானால் அக்கா அதை ஒரு தடவை தானே நடித்துக் காட்ட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். இரண்டு நாள் அவள் தையல் மிஷினைத் தொடவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து கல்யாண உடுப்பை வெளியே எடுத்தாள்.

கோர்ட்டில் நிற்க இடமில்லை. அக்கா கூண்டில் நின்று உடுப்பை உள்பக்கம் திருப்பிப் பிடித்தாள். இடுப்பில் பழைய தையல்களின் ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. "இது எந்த வருஷம் பிரிச்சது? இது?" என்று வக்கீல் விரல் வைத்துக் கேட்கக் கேட்க, பதில் சொன்னாள். பின்னால் யாரோ களுக்கென்றார்கள். சாயங்காலம் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று நீதிபதி கேட்டார். அதையும் சொன்னாள். நாடகத்தில் தையற்காரியாக வருகிற நடிகைக்கு ஒருநாளும் அப்படிச் சிரிப்பு விழுந்ததில்லை. நீதிபதி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளியின் வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. "காத்திருந்தேன் காத்திருந்தேன்கிறீங்க. யாருக்கு? அந்த ஆள் ஏன் வரலை? அப்படி ஒருத்தர் இருந்தாத்தானே. நாடகத்தைப் பார்த்துட்டு வந்து அதையே இங்க ஒப்பிக்கிறீங்க" என்றார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன், சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினான். அவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லச் சொல்கிறான் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

"அவர் வந்தார்" என்றாள். "கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்தார். நாம மட்டும் போகலாம், தம்பியை அனாதை விடுதியில சேர்த்துடுன்னார். முடியாதுன்னேன். அவன் காலூன்றட்டும், அப்புறம் வாங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்கா உடுப்பை மடித்துக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினாள். சொல்லியிருக்கக் கூடாது, செத்தாலும் சொல்லியிருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தாள். தம்பி பக்கத்தில் நடந்தான். கண் கலங்கியிருந்தது. பாவம், பிள்ளைக்கு இப்போதாவது உறைத்ததே என்று அவளுக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது.

உரிமை தம்பிக்கே என்று தீர்ப்பானது. சொன்ன சொல் தவறாமல் மறுநாளே நாடகத்தை நிறுத்தினான். சுவரொட்டிகள் கிழிந்தன. ஊர் வேறு வேடிக்கையைத் தேடிக்கொண்டது. கடைக்குக் கிழிந்த சட்டைகள் வர ஆரம்பித்தன. அந்த ஒரு மாதம் அக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒருநாள் மத்தியானம் அந்த நடிகை கடைக்குள் நுழைந்தாள். "உங்க கல்யாண உடுப்பு மாதிரியே ஒண்ணு வேணும். உங்க தம்பிதான் அனுப்பினார். நாடகத்தை மறுபடி போடறார், புது சீனுக்கு" என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அளவெடுக்க நின்றாள்.

"என்ன புது சீன்?"

"எனக்கு என்ன தெரியும், என் தாள்தானே தெரியும்." நடிகை பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். மேலே, எதிராளி பேசி முடிக்கும் வார்த்தைகள்: 'விடுதியில சேர்த்துடு.' கீழே நடிகையின் வசனம். கோர்ட்டில் அக்கா சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் இருந்தது.

"இதைச் சொல்றப்ப நீங்க அழுதீங்களா? தாள்ல அது போடலை" என்று நடிகை கேட்டாள். கெட்ட பெண் இல்லை, வேலையைச் சரியாகச் செய்ய நினைக்கிறவள். அக்கா அளவு நாடாவைச் சுருட்டி வைத்தாள்.

மறுநாள் காலை தம்பி குளித்து முடித்து, மலர்ந்த முகத்தோடு கடைக்கு வந்தான்.

"நிறுத்துடா" என்றாள் அக்கா.

"அக்கா, சிரிக்கிறாங்கன்னுதானே நிறுத்தச் சொன்னே. இனிமே ஒருத்தன் சிரிக்க மாட்டான். அத்தனை பேரும் அழுவாங்க. உனக்காகத்தான் மாத்தினேன்."

"எனக்கு யாரும் அழ வேண்டாம். உரிமை உன்கிட்ட இருக்கில்ல, வேண்டாம்னு சொல்லு."

"நான் வேண்டாம்னா எவனாவது எழுதிடுவான். நீ கோர்ட்டுல நாலு பேர் முன்னாடி சொல்லிட்டே. அது ஊருக்கே பொதுவாம், யார் வேணா எடுத்துக்கலாமாம், வக்கீல் சொல்றார். நீ பேசினதுக்குச் சட்டத்துல உரிமை கிடையாது அக்கா, எழுதினவனுக்குத்தான். அந்நியன் கையில போறதுக்கு நான் எழுதறது நல்லதில்லையா?"

அக்கா துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நின்றது. மறுபடி ஓடியது. தம்பி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒரு இடம்தான் இடிக்குது. நீ போங்கன்னதும் அவர் என்ன சொன்னார்? பேசாம போனா சீன் படுத்துடும்."

அந்த மனிதர் பேசாமல்தான் போனார். வாசலில் ஒரு விநாடி நின்றார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைக்காகவா என்னை வேண்டாங்கறே, இவன் வளர்ந்து உன் தோலை உரிச்சு வித்துட்டு, சதை எங்கேன்னு உன்கிட்டயே வந்து நிப்பான். அப்படின்னார்."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கை சட்டைப்பைக்குப் போய்ப் பென்சிலை எடுத்தது.

"அடேயப்பா. இதை கோர்ட்டுலயே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா" என்றான், எழுதிக்கொண்டே. "தோலை உரிச்சு வித்துட்டு... அதுக்கு அப்புறம்? மெதுவாச் சொல்லு."

அக்கா மெதுவாகச் சொன்னாள்.