நாடி பிடித்த கை

மனதைக் கையாளும் பயிற்சியை நிருஜாவின் ஓய்வு நாளில்தான் வைத்தார்கள். களைத்துப்போன ஆஸ்பத்திரித் தாதிகளுக்காக, ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு மண்டபத்தில். எதிரில் இருப்பவரின் உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள், அதை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள், கையைத் தொடுங்கள் என்று கற்றுத் தந்தார்கள். நிருஜா நடித்துக் காட்டியதற்குக் கைதட்டல் விழுந்தது.

"நடிப்பிலையாவது சிரிச்சியே," என்றாள் கூட வேலை செய்யும் பஸ்மியா. "வாட்டிலை உன்ர முகத்தைப் பார்த்தால் நோயாளியே எழும்பி உனக்குக் கட்டில் தருவான்."

வெளியே கணவன் சாரங்கன் ஓட்டோவோடு நின்றான். கட்டார் நாட்டு வேலை ஒப்பந்தத்தில் மறுநாள் அவன் கையெழுத்து வைக்கவேண்டும். 'போகாதீங்கோ' என்று அவள் சொன்னால் நின்றுவிடுவான். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாளும் இழுத்தடித்தான். அவளும் சொல்லத்தான் நினைத்தாள். வாட்டில் எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்போது, சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

துறைமுகம் தெரியும் வளைவில் ஓட்டோவை நிறுத்தி, பின் இருக்கைக்கு வந்தான்.

"நிரு, என்னோடை ஏதாவது கதையன்."

அவள் முழுதாக அவன் பக்கம் திரும்பினாள். கனகாலத்துக்குப் பிறகு கிடைத்த அந்தப் பார்வையில் அவன் முகம் மலர்ந்தது.

"நீங்கள் தனிச்சுப் போனீங்கள்," என்றாள் மெதுவாக. "கோபமும் இருக்கு. எனக்கு விளங்குது."

"ஓம் நிரு. நீ பக்கத்திலை இருந்தும் தனியத்தான்." அவன் கண் கலங்கியது.

கையைப் பிடித்தாள். விரல்கள் தாமாகவே மணிக்கட்டில் இடம் தேடிப் பதிந்தன. கண் கைக்கடிகாரத்துக்குப் போனது.

சாரங்கன் குனிந்து பார்த்தான். "நாடி பார்க்கிறியா?"

சட்டென்று விட்டாள். "பழக்கத்திலை..."

"அப்ப, முதல் நீ சொன்னது?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "பயிற்சியிலை சொல்லித் தந்தவை."

"நல்லாத்தான் சொல்லித் தந்திருக்கினம். நானும் நம்பிப்போட்டன்." சிரிக்கப் பார்த்தான். "நாளைக்குக் கையெழுத்து வைக்கிறன், நிரு."

அவன் முகத்தில் இருப்பது துக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது. பெயர் சரிதான். அந்தப் பெயருக்கு அவளுக்குள்ளே ஒன்றும் அசையவில்லை. 'போகாதீங்கோ' என்று இப்போதும் சொல்லலாம். அதுவும் இனி அவன் காதில் பாடமாகத்தான் விழும்.

கைப்பேசி அடித்தது. வாட்டில் ஒரு தாதிக்குக் காய்ச்சலாம், பின்னேர வேலைக்கு ஆள் இல்லையாம்.

"ஏலாதெண்டு சொல்லன்," என்றான் சாரங்கன், கெஞ்சுவது போல.

"ஓம், வாறன்," என்றாள் நிருஜா கைப்பேசியில்.

அவன் முன்னுக்குப் போய் ஏறி, ஓட்டோவை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான்.