ரயிலில் போனால் கடை தெரியாது

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையது அல்ல.

போன வாரம் எங்கள் பெயிண்ட் கடைக்கு லோடு வந்திருந்தது. நான் பிரைமர் டப்பாக்களை இறக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி ராமசுப்பு பேங்குக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஞானசெல்வி அக்கா எர்ணாவூர் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்து, கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"வெற்றி, நீயே சொல்லுப்பா. ஹார்பருக்கு ரயில்ல போறதா, பஸ்ல போறதா?"

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு யோசிக்காமல் பதில் வரவேண்டும். எனக்கு வரவில்லை. தலையில் டப்பா இருப்பதால் வரவில்லை என்று நினைத்தேன். இறக்கி வைத்த பிறகும் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எழுத்துக் கூட்டக் கற்றதே முதுகு வளைந்த பிறகு, சுமைதூக்குகிறவர்கள் சங்க ஆபீஸ் மாடியில். கற்றதிலிருந்து, வாயில் வராததைக் கையால் எடுத்துப் பார்க்கிற ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். பெயிண்ட் கம்பெனி, நன்றாக விற்ற கடைக்காரர்களுக்கெல்லாம் ஜோடியாகக் கப்பல் பயணம் பரிசு கொடுத்திருக்கிறது. இரண்டு ராத்திரி கடலில். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சென்னைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். பிந்தினால் கப்பல் காத்திருக்காது.

இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பொறுங்கள்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். பெயிண்ட் நிறங்களைக் காட்டும் பழைய ஷேட் கார்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதில்தான் எழுதுவது.

முதல் தொடக்கம்: "நீலக்கடல் அவளை வா வா என்று

(நிறுத்திவிட்டேன். கடைக்கும் கடலுக்கும் நடுவில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. கடல் அக்காவைக் கூப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டிருந்தாலும் ஹாரன் சத்தத்தில் கேட்டிருக்காது.)

இரண்டாவது: "எர்ணாவூரிலிருந்து துறைமுகத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று

(இது மைக்கில் சொல்கிற அறிவிப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் கதை இதற்குள்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். விம்கோ நகரில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷனில் இறங்கலாம். ரோட்டைக் கடந்தால் துறைமுகம். பஸ் என்றால் திருவொற்றியூர் ஹை ரோடு வழியாகப் பாரிமுனை. அங்கிருந்து கொஞ்சம் நடை. ரயில் மேற்கே பல தெரு தள்ளிப் போகிறது. அதிலிருந்து எங்கள் கடை தெரியாது. பஸ் கடை வாசலிலேயே நிற்கும். ஸ்டாப் எங்கள் போர்டுக்கு நேர் கீழே.*)

மூன்றாவது: "ராமசுப்பு கெட்டவர் இல்லை."

இதை வைத்துக்கொண்டேன். ஆனால் ஒருவரைக் கெட்டவர் இல்லை என்று ஆரம்பித்தாலே படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். வரட்டும். எனக்கும் இருக்கிறது.

* மெட்ரோ இல்லையா என்பீர்கள். இருக்கிறது. முதலாளி ஒரு தடவை ஏறினார். தரைக்குக் கீழே போனதும், கடை எந்தப் பக்கம் என்று திசை தெரியவில்லை என்று சொல்லி அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். மெட்ரோ இந்தக் கதையிலிருந்தும் அங்கேயே இறங்கிவிட்டது.

3

திசை தெரியாவிட்டால் அவருக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பதற்குப் போணியைச் சொல்ல வேண்டும்.

காலையில் நடக்கும் முதல் வியாபாரம் போணி. எங்கள் கடையில் அது முதலாளி கையால்தான் நடக்கும். சின்ன பிரஷ்ஷோ, உப்புத்தாளோ, எதுவாக இருந்தாலும் அவரே எடுத்துக் கொடுப்பார். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றி, கல்லாவில் போடுவார். அதுவரை நாங்கள் யாருக்கும் எதுவும் தரமாட்டோம். வருகிறவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து, போணியை முடித்துவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பிப் போய்ப் படுத்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கமிருந்து பையோடு வந்து, மாமா கடையில் நின்று, இந்தக் கடையைப் பிடித்தவர். போணி தன் கையை விட்டுப் போனால் கடையும் போய்விடும் என்பது அவருக்கு நம்பிக்கை இல்லை, பயம். நம்பிக்கை என்றால் பேசி மாற்றலாம்.

பல வருஷத்துக்கு முன்னால், அக்காவின் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினார்கள். எழும்பூருக்குப் போகிற வழியில் பஸ் கடை வாசலில் நின்றது. "ரெண்டு நிமிஷம்" என்று முதலாளி இறங்கினார். யாரோ ஒரு வீடு முழுவதற்கும் பெயிண்ட் கேட்டு வந்துவிட்டார்கள். அக்கா கைக்குழந்தையோடும் டிரங்குப் பெட்டியோடும் தனியாக ரயிலேறினார். கல்யாண போட்டோவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. போட்டோகிராபர் விட்டு வைத்தாராம், சார் வந்துவிடுவார் என்று.

இப்போது கேள்வி புரிந்திருக்கும். அக்கா கேட்டது வண்டியைப் பற்றி அல்ல.

4

(இந்தப் பகுதியில் நான் இல்லை. அக்கா சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. கதைக்குள் அக்காவை 'அவள்' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். கை வரவில்லை. அவரிடமே கேட்டேன். "எழுதிக்கோ, நேர்ல கூப்பிட்டாத்தான் அடிப்பேன்" என்றார்.)

ஞானசெல்வி பெட்டியைக் கட்டிலின் மேல் திறந்து வைத்திருந்தாள். அவள் சேலைகள் ஒரு பக்கம், அவன் வேட்டி சட்டைகள் ஒரு பக்கம். அவன் பக்கத்தை இரண்டு தடவை மடித்துவிட்டாள். இறங்கிப் போகிறவன் துணியை ஏன் எடுத்துப் போவது என்று ஒரு நேரம் தோன்றியது. பிறகும் மடித்து வைத்தாள்.

ராமசுப்பு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தான்.

"கப்பல்ல தோசை கெடைக்குமாட்டி?"

"நீங்க வந்தா கெடைக்கும்."

"இது என்ன பேச்சு. டிக்கெட்டுல எம்பேரு இருக்கில்ல?"

"பேரு எல்லாத்துலயுந்தான் இருக்கு. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையிலகூட இருந்துச்சு." சேலை மடிப்பை நீவிக்கொண்டே சொன்னாள். "ரயில்ல போவோம்."

"ரயில் எதுக்கு? பெட்டியத் தூக்கிக்கிட்டுப் படி ஏறணும். பஸ்னா தெருமுனையிலேயே ஏறிக்கிடலாம்."

"பஸ்னா கடை வரும்."

"வந்தா என்ன? எறங்குதேன், போணிய முடிக்கேன், அடுத்த பஸ்ஸப் பிடிச்சு ஒம் பொறத்தாலயே வந்திருதேன். ரெண்டு நிமிஷம்."

"எந் தங்கச்சி கல்யாணத்துக்கும் அதே ரெண்டு நிமிஷந்தான்."

"அதையே எத்தன வருஷத்துக்குச் சொல்லுவ?"

"நீங்க வந்து சேர்ற வரைக்கும்."

ராமசுப்பு சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட ஒழுங்கான ஆள்கூட இல்லை இந்த மனிதன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி, ரயில்லயே போவோம். ஒனக்காகத்தான்," என்றான்.

அவன் உடனே ஒத்துக்கொண்டதில் ஏதோ ஒன்று அவளுக்கு

(இங்கே வாக்கியம் நின்றுவிட்டது. என்ன தோன்றியது என்று அக்கா சொல்லவில்லை. நானாக எழுதினால் அது என் மனசாகிவிடும். பிறகு அவரே சொன்னார். அடுத்த பகுதியில் வரும்.)

5

ரயில் என்று முடிவானதும் எனக்கு நிம்மதி. உடனே முடிவை எழுதிவிட்டேன்: "ரயில் ராயபுரத்தைத் தாண்டியது. ராமசுப்பு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கடை எங்கேயோ இருந்தது. இருவரும் கப்பலேறினார்கள்."

எனக்குப் பிடித்திருந்தது. கதைக்கு உள்ளே முடிந்தாலும் வெளியே முடியவேண்டுமே, கடைசி நேரத்தில் முதலாளி பஸ்ஸுக்கு மாறிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு வேலையும் செய்யப் பார்த்தேன். முதலாளி சாவியை என்னிடம் கொடுத்து, "சனிக்கெழம நான் ஒரு சொல்லு சொல்லுத வரைக்கும் யாருக்கும் எதையும் எடுத்துக் குடுத்துராத வெற்றி" என்று சொல்லியிருந்தார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த சௌக்கத் அலி பாய், எங்கள் கடையில் பெயிண்ட் வாங்கும் காண்டிராக்டர், அவர் போனதும் என் தோளைத் தட்டினார்.

"இன்னா மாமு, உங்க மொதலாளி கப்பலுக்கும் போணி பண்ணிட்டுத்தான் ஏறுவாரு போல."

"சிரிக்காத பாய். அக்கா பேஜாராகி கீறாங்க."

"அதுக்கு இன்னா? நான் காலங்காத்தால வந்து ஒரு பிரஷ்ஷு வாங்கிக்கிறேன். நீயே போணி பண்ணு. அப்பால அவரு எறங்கி இன்னாத்துக்கு?"

நல்ல யோசனை. அன்று மத்தியானம் அக்கா வந்தபோது ஷேட் கார்டுகளைக் கொடுத்தேன். பாய் சொன்னதையும் சொன்னேன். போர்டின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கவும் தயார் என்றேன். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கார்டு கார்டாக எல்லாவற்றையும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அவரு இதுல வரலியே."

"வர்றாரே அக்கா. பக்கத்துலயே குந்திகினு கீறாரே."

"குந்தியிருக்காரு. கடை கண்ணுல படல, அதனால குந்தியிருக்காரு. கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போன மாதிரில்லா இருக்கு." கார்டுகளைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "அன்னிக்கு ராத்திரி சரின்னாரே, அப்பவே எனக்கு உறுத்துச்சு. அவருக்கும் ரயிலுதான் சௌகரியம். வாசல்ல நின்னு முடிவெடுக்க வேண்டாம் பாரு."

"அப்ப இன்னா பண்றது?"

"பஸ்ல வையி."

"பஸ்ல வெச்சா எறங்கிடுவாரு அக்கா."

"எறங்கட்டும். நான் எறங்க மாட்டேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடையின் மூடியை அழுத்திக்கொண்டே சொன்னார். தனியாகக் கப்பலேறி, இரண்டு ராத்திரி, முன்பின் தெரியாத கடைக்காரர்களின் மனைவிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சார் எங்கே என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டிவரும். அதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார் என்பது முகத்தில் தெரிந்தது.

"தார்ப்பாயும் வேண்டாம், பாய் வந்து பிரஷ் வாங்கவும் வேண்டாம். ஷட்டர முழுசாத் தொற. போர்டத் தொடச்சு வையி. கடை நல்லாத் தெரியணும். அதப் பாத்துட்டு அவரு எங்கூட இருந்தாருன்னா, அதுக்குப் பேருதான் வாறது."

நான் எழுதிய முடிவை ஒரே கோட்டில் அடித்தேன். மேலே விட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் பார்க்கலாம். ராமசுப்பு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது என் ஆசை. அக்காவுடையது இல்லை.

6

இன்று வெள்ளிக்கிழமை. ரயில் வேண்டாம், பஸ்தான் என்று அக்கா நேற்று வீட்டில் சொன்னாராம். முதலாளி காலையிலிருந்து கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். டப்பாக்களை லேபிள் முன்னால் தெரியும்படி தானே திருப்பித் திருப்பி அடுக்கினார். சாயங்காலம் என்னிடம் வந்து, "நாளைக்கு..." என்றார். பிறகு, "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டார்.

அந்த 'நாளைக்கு'க்குப் பின்னால் என்ன இருந்தது என்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: இறங்குகிறார். போணி நடக்கிறது. காசைக் கண்ணில் ஒற்றித் தலை நிமிரும்போது பஸ் டோல்கேட்டைத் தாண்டிவிட்டது.

முடிவு இரண்டு: இறங்கவில்லை. கையை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டி, எனக்கு ஒரு சைகை

(என்ன சைகை? நீயே போணி பண்ணு என்றா? கொஞ்சம் பொறு என்றா? ஒரு கையை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். வேண்டாம்.)

முடிவு மூன்று: அக்காவும் அவரோடு இறங்கி, தன் கையால் போணி செய்து, இருவரும் ஆட்டோ பிடித்து

(இதை நான் அக்காவிடம் காட்டக்கூட இல்லை. இறங்க மாட்டேன் என்றவரை இறக்க எனக்கு உரிமை கிடையாது.)

அதனால் நான் என்னுடைய வேலையை மட்டும் எழுதுகிறேன். நாளைக் காலையில் ஷட்டரை முழுக்க மேலே தள்ளுவேன். போர்டைத் துடைப்பேன். பாய் தன் வேலைக்குப் பெயிண்ட் வாங்க வந்து நிற்பார், "குடேன்பா, டைமாவுது" என்பார். "இருங்க பாய்" என்பேன். பஸ் வரும். சனிக்கிழமைக் கூட்டம். கீழே நிற்கிற எனக்குக் கம்பியைப் பிடித்திருக்கும் கைகள்தான் தெரியும், முகங்கள் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், பஸ்ஸில் ஏறித்தான் ஆகவேண்டும். அவர்கள் சீட்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் உங்களுக்கு நிற்க இடம் போட்டிருக்கிறேன். அக்கா ஜன்னலோரம், பெட்டி கால் மாட்டில். அவர் கடையையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை, எதிரே ஓட்டுநரின் முதுகைப் பார்க்கிறார். ராமசுப்பு கடையைப் பார்க்கிறார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருக்கிறார். எழுந்திருக்கிறவர்களும் அப்படித்தான் பிடிப்பார்கள். எழுந்துவிடக் கூடாது என்று நினைக்கிறவர்களும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டமாக இருக்கிறது, நகர முடியாது என்று வழியை மறித்து நிற்காதீர்கள். நல்லது செய்வதாக நினைத்து அப்படிச் செய்யத் தோன்றும்; எனக்கும் தோன்றியது. அக்காவுக்கு அது வேண்டாம். ஒதுங்கி நில்லுங்கள். படிக்கட்டு வரைக்கும் முதலாளிக்கு இடம் தெரியட்டும்.

தெரிந்த பிறகு, அவர் கையைப் பாருங்கள்.