மஞ்சள் இடிக்கும் பாட்டுக்கு ஒரு வால்வு

உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு, தை மாதத்தில், கரிக்கலாம்பாக்கத்துத் தையலம்மாள் மாட்டு வண்டியில் பாகூருக்கு வந்து, செல்லக்கண்ணுவின் மைக்செட்டுக் கடை வாசலில் இறங்கினாள். அவள் வருமுன்னே அவளுடைய குரல் வந்து சேரும் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வதுண்டு. எனினும் அன்று அவள் பேசியதைக் கேட்கச் செல்லக்கண்ணு மேசையைத் தாண்டிக் குனிய வேண்டியதாயிற்று. ஐப்பசியில் கண்ட விஷக்காய்ச்சல் உயிரை விட்டுவைத்துக் குரலை எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"எந்தம்பி சாமிநாதன் பொண்ணுக்குக் கல்யாணம்பா. மஞ்ச இடிக்கும்போது அத்தக்காரி நாந்தான் பாடணும். இந்தத் தடவை கலியம்மா பாடட்டுமேன்றான். கலியம்மா அவன் கொழுந்தியா. நல்லாத்தான் பாடுவா. ஆனா அந்தப் பொண்ணைத் தொட்டில்ல போட்ட அன்னிக்கே, உன் மஞ்சளுக்கு நான் பாடறேன்டின்னு சொல்லி வச்சவ நானு."

"மஞ்ச இடிக்க மைக்கா, அக்கா?"

"சிரிக்காத. பந்தக் கடைசில குந்தியிருக்கிறவளுக்குக் கேக்கணும். முடியுமா, முடியாதா?"

செல்லக்கண்ணு சிரிப்பை நிறுத்தினான். மைக்கில் விழும் ஒலி முதலில் ஒரு சிறிய கண்ணாடி வால்வுக்குள் செல்லும். அது தருவதையே ஏனைய வால்வுகள் பெருக்கி, ஸ்பீக்கர் குழாய்க்கு அனுப்பும். அவனுடைய மைக்செட்டுப் பெட்டியில் அந்த முதல் வால்வு கிழடாகி, ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. நாதஸ்வரத்துக்கு அந்த இரைச்சல் பெரிதன்று. இவளுடைய குரலோ அதற்குள் மூழ்கிவிடும்.

"ஏரி மதகுலயே தண்ணி கலங்கிட்டா எந்த வயலுக்குக்கா தெளிவாப் போவும்? மொத வால்வை மாத்தணும்" என்றவன், சென்னைப் பழைய சாமான் கடையில் வாங்கிவந்த மூன்று வால்வுகளை எடுத்து வைத்தான்.

முதலாவதைப் பொருத்தியதும் குழாயில் கடலை பொரிந்தது. இரண்டாவதைப் பொருத்தி, அவளைப் பாடச் சொன்னான். குழாயிலிருந்து பழைய தையலம்மாளே பாடியதுபோல் இருந்தது. எதிர்த்த மளிகைக்கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவளுடைய கண்கள் கலங்கிவிட்டன. மூன்றாவது வால்வு இரைச்சலே இல்லாதது. ஆனால் ஒலி பாதிதான் வந்தது.

"ரெண்டாவதே இருக்கட்டும்பா" என்றாள் அவள். அவனுக்கும் அதுவே சரியெனப் பட்டது. மூன்றாவதைப் பஞ்சில் சுற்றிக் கருவிப் பெட்டியில் போட்டுவைத்தான்.

மஞ்சள் இடிக்கும் சடங்கன்று காலையில் சாமிநாதன் வீட்டுப் பந்தலின் ஈசானிய மூலையில் உரலைக் கழுவிக் கோலமிட்டு, மஞ்சள் கயிற்றில் மாவிலை கோத்துக் கட்டியிருந்தார்கள். மைக்கின் வயர் குட்டையாதலால், செல்லக்கண்ணு தன் பெட்டியை உரலுக்குப் பக்கத்திலேயே வைக்க நேர்ந்தது. மணப்பெண் அமுதம் மணையில் அமர்ந்தாள். கலியம்மாள் உலக்கையை எடுத்து முதல் குத்தைக் குத்தினாள்.

"ஙொய்ங்ங்" என்று குழாய் அலறியது. மறு குத்துக்கு மறுபடியும் அலறியது. தையலம்மாள் இன்னும் பாடவே தொடங்கவில்லை.

"ஒலக்கையே பாடுதுடி" என்றாள் ஒருத்தி. பந்தல் குலுங்கிச் சிரித்தது.

செல்லக்கண்ணு பெட்டியைத் திறந்தான். வால்வின் கண்ணாடியை நகத்தால் தட்டினான். அதே அலறல் எழுந்தது. அதை அத்தனை கணீரென்று பாடவைத்த குணமே, நிலத்தின் அதிர்வையும் வாங்கி மணிபோல் ஒலிக்கச் செய்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. கடையில் பாட்டை வைத்துப் பார்த்தானேயன்றி, உலக்கையை வைத்துப் பார்க்கவில்லை. பெட்டிக்கடியில் வைக்கோலைத் திணித்தான். அலறல் குறைந்ததே தவிர ஓயவில்லை.

"ஒரலைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?"

"மாவிலை கட்டின ஒரலை நகத்தக் கூடாதுபா" என்றார் சாமிநாதன். பிறகு தமக்கையின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "வுடுக்கா. கலியம்மா பாடட்டும். உன்னை யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

தையலம்மாள் செல்லக்கண்ணுவைத்தான் பார்த்தாள். "அந்த மந்தமான மூணாவது இருக்கா?"

"இருக்குக்கா. ஆனா சத்தம் பத்தாது. அது மட்டுமில்ல, உன் கொரல் நடுக்கம், மூச்சு எல்லாம் அப்படியே தெரியும்."

"தெரியட்டும்."

சூடேறியிருந்த வால்வைத் துண்டின் நுனியால் பிடித்துக் கழற்றி, மூன்றாவதைப் பொருத்தினான். அதை நகத்தால் தட்டியபோது குழாயில் ஒன்றும் கேட்கவில்லை. குமிழைக் கடைசி வரை திருப்பி, மைக்கை அவளுடைய உதட்டருகே கொண்டுவந்தான்.

அவள் பாடத் தொடங்கினாள். அது பழைய குரலன்று. மேலேறும் இடத்தில் உடைந்தது. மூச்சு வாங்குவதும் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலியம்மாள் இடிப்பதை ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு உலக்கையை முழ உயரத்துக்கு மேல் தூக்காமல், பாட்டுக்குத் தக்கபடி மெல்ல மெல்லப் போட்டாள்.

"நீ பாடு அண்ணி" என்றாள். "அவசரம் ஒண்ணுமில்ல."

அமுதம் தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தாள்.

சாமிநாதன் செல்லக்கண்ணுவின் காதருகே குனிந்தார். "இன்னும் கொஞ்சம் ஏத்தேன்பா. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குமோ கேக்காதோ."

"அவ்ளோதாங்க. இதுக்கு மேல பெட்டில ஒண்ணுமில்ல."

சாமிநாதன் பந்தலை விட்டு வெளியேறி, நெட்டப்பாக்கத்து உறவினர்கள் வந்திறங்கிக்கொண்டிருந்த, மாட்டு மணிகள் கலகலத்த வண்டிகளை நோக்கி நடந்தார்.

"மணியெல்லாம் கழட்டுங்கடா" என்றார் வண்டிக்காரர்களிடம். "எங்க அக்கா பாடுது."

அவர்கள் ஒவ்வொரு மாட்டின் கழுத்திலிருந்தும் மணியைக் கழற்றினார்கள். கடைசி மாடு தலையை ஆட்டி முரண்டு பிடித்தது. அதன் மணியைச் சாமிநாதன் உள்ளே ஆடும் நாக்கோடு சேர்த்துக் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை அந்த மாட்டுடனேயே நின்றிருந்தார்.