எது நல்ல துவக்கு

குணரத்தினம் அண்ணை வேட்டைத் துவக்கு வாங்கப்போகிறார் என்றதும், ஊரைவிட்டு வந்த எங்கள் சனம் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் சிரிக்காத ஆளில்லை. கோழி வெட்டுவதற்கே மனைவியைக் கூப்பிடுகிற மனிதர் அவர். ஆனால் அவர் வேலை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் இலை உதிரத் தொடங்கினால் பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள். இந்த வருடம் ஃபோர்மன் இவரையும் கூப்பிட்டிருந்தான். மனிதர் சத்தம்போடாமல் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி அட்டையும் எடுத்துவிட்டார்.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்த ஆரூரனுக்கு, அண்ணை தொலைபேசி எடுத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"நீரும் வாரும் தம்பி. தெரிவு செய்ய ஒரு ஆள் வேணும்."

ஜான்-டலோன் சந்தையில் கோவாப் பெட்டி இறக்குகிற தன்னை ஏன் கூப்பிடுகிறார்? மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. தை பிறந்தால் அண்ணையின் தங்கை பிரஷாந்தினியை அவன் கட்டப்போகிறான்.

பெண் கேட்டுப் போன அன்று குணரத்தினம் சீதனம் பேசவில்லை, சாதகம் கேட்கவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த தகப்பனின் படத்தைக் காட்டினார்.

"ஐயாவை வீட்டை வந்து கூட்டிக்கொண்டு போனது ஆமி இல்லை, எங்கட பெடியள். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவங்கள். துவக்குத் தூக்கினவனுக்கு என்ர தங்கச்சியைக் குடுக்கமாட்டன். நீர் இயக்கத்தில இருந்தனீரோ?"

"இல்லை அண்ணை."

அவ்வளவு பெரிய பொய் அவ்வளவு சின்னதாக வாயிலிருந்து விழும் என்று ஆரூரனே எதிர்பார்க்கவில்லை. அந்தத் தகப்பனை அவன் கண்டதில்லை. ஆனால் வேறு தகப்பன்மாரைக் கூட்டிப்போன இரவுகளில் படலையடியில் காவல் நின்றிருக்கிறான். பிரஷாந்தினி தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றாள். அவளை இழக்க அவனுக்கு மனமில்லை. காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

துவக்குக் கடை சந்தைக்கு அப்பால், படியிறங்கிப் போகும் ஒரு நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. சுவர் முழுக்க மான் தலைகள். தொந்திக்கு மேல் பட்டி போட்ட வயதான கடைக்காரர் மேசையில் பச்சைத் துணி விரித்து, இரண்டு துவக்குகளை வைத்தார். ஒன்று வார்னிஷ் மினுங்கும் வால்நட் மரப்பிடியோடு பகட்டாக இருந்தது. மற்றதன் மரம் மங்கல், பார்த்தால் பழசு மாதிரி.

சொல்லிச் செய்விக்கிற துவக்கு காசுக்காரரின் பெருமைக்குத்தான், கம்பனியில் ஒழுங்காகச் செய்தது ஒன்று போதும், உங்கள் பேரனும் வைத்துச் சுடுவான் என்றார் கடைக்காரர். தோளில் பொருந்த வேண்டும், கன்னம் மரத்தில் தானாக உட்கார வேண்டும், தோட்டா ஏற்றும் பூட்டை இழுக்கும்போது எங்கும் சிக்கக் கூடாது.

"பிடிச்சுப் பாரும்" என்று குணரத்தினம் மினுங்குகிறதை எடுத்து நீட்டினார்.

ஆரூரன் விறகுக்கட்டை வாங்குவதுபோல் வாங்கினான். வேண்டுமென்றே விசையில் விரலை வைத்தான். வேண்டுமென்றே குழாயைக் கண்ணாடி அலுமாரிப் பக்கம் திருப்பினான். கடைக்காரர் "நோ, நோ, மெசியே" என்று பதறிக் குழாயை மேலே தள்ளினார். ஆரூரன் அசடு வழிந்தான். அந்த விரலை அங்கே வைப்பதற்கு அவன் உடம்பு எவ்வளவு மறுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அண்ணை துவக்கைப் பார்க்கவில்லை. அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் ஒரு காகிதத் துண்டை எடுத்து, மங்கல் துவக்கின் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே விட்டு இழுத்தார். அது முட்டாமல் கடைசிவரை ஓடியது. மினுங்குகிற துவக்கில் அந்த வேலையைச் செய்யவில்லை, செய்தால் விலைபோகாது. அதில் மரம் ஒரு பக்கம் குழாயை நெரித்துக்கொண்டிருந்ததை ஆரூரன் கண்டுவிட்டான். நனைந்து மரம் ஊதினால் குறி விலகும். சொல்ல நாக்குத் துடித்தது. வாயைக் கட்டிக்கொண்டான்.

"எது நல்லது தம்பி?"

"எனக்கென்ன தெரியும் அண்ணை. அந்த மினுங்குறதை எடுங்கோவன், வடிவாக் கிடக்கு."

குணரத்தினம் லேசாகச் சிரித்தார். "சரி, அதையே எடுப்பம்."

ஆரூரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன்னைச் சோதிக்கத்தான் கூட்டி வந்தார் என்றால், சோதனை முடிந்தது. பில் எழுத இடம் வேண்டுமென்று கடைக்காரர் மங்கல் துவக்கை அதன் நீளப் பெட்டியில் கிடத்தி, மூடாமல் நிலத்தில் வைத்தார். பின்னால் ஒருவர் வர, வழிவிட விலகிய ஆரூரனின் கால் துவக்கின் மரப்பிடியில் பட்டது.

நினைப்பதற்கு முன்னரே அவன் குனிந்தான். வலது கை விரல்களால் மரத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

முகாமில் பாய்க்குப் பக்கத்திலேயே ஆயுதமும் கிடக்கும். இருட்டில் கால் பட்டால் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். விரலையும் வாயையும் காவல் காத்தவனுக்கு, காலைக் காவல் காக்கத் தோன்றவில்லை.

"புத்தகம் காலில பட்டா நானும் தொட்டுக் கும்பிடுவன்" என்றார் குணரத்தினம். குரல் உயரவில்லை. "அரிசி பட்டாலும் கும்பிடுவன். துவக்குப் பட்டாக் கும்பிடமாட்டன், தம்பி."

ஆரூரன் மெல்ல நிமிர்ந்தான். அவர் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பான். அவரோ மினுங்குகிற துவக்கைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டு மெல்லக் கேட்டார். பேச்சில் மரியாதைக்கு இருந்த 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது.

"இப்ப சொல்லு. எது நல்ல துவக்கு?"

"நிலத்தில கிடக்கிறது."

"ஏன்?"

"குழாய் மரத்தில முட்டேல்லை அண்ணை. மழையிலயும் குளிரிலயும் ஒரே மாதிரிச் சுடும்."

"குறி தப்பாது எண்டுறாய்."

"தப்பாது."

அதையே வாங்கினார். தோட்டாவும் வாங்கினார். வெளியில் காற்று குளிரத் தொடங்கியிருந்தது. காரடியில் வந்து சட்டைப்பையில் திறப்பைத் தேடியபடி சொன்னார்.

"சனிக்கிழமை விடிய வாறன். வெளிக்கிட்டு நில்."

"ஃபோர்மனும் வாறாரோ?"

"இல்லை. நீயும் நானும்தான்." டிக்கியைத் திறந்துவிட்டு, "பிரஷாந்தினிக்கு ஒண்டும் சொல்லாதை. பேந்து நான் சொல்லுறன்."

போகாவிட்டால் கலியாணம் இல்லை என்று ஆரூரனுக்கு விளங்கியது. போனால் என்ன நடக்கும் என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. அண்ணையின் தகப்பனும் இப்படித்தான் ஒன்றும் கேட்காமல் கூடப் போயிருப்பார் என்று நினைத்தான்.

பெட்டியை டிக்கியில் வைத்தது அவன்தான். எங்கும் இடிபடாமல், பக்குவமாக வைத்தான். அண்ணையிடம் அவன் சொன்ன ஒரே உண்மை அந்தத் துவக்கைப் பற்றியதுதான். அது குறி தப்பாது.