மூன்றாம் எண்ணின் பணி ஓய்வு

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மூன்றாம் எண் கணினிக்கு முதல் நரைமுடி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை, பத்தே காலுக்கு. அதற்கு முன்பு அதற்கு முடியே இருந்ததில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினாலு வருஷம் உழைத்தால் யாருக்கும் நரைக்கத்தான் செய்யும் என்று வாசல் காவலர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு மாதத்துக்குள் அலுவலகத்தின் ஏழு கணினிகளுக்கும் நரைத்துவிட்டது. முதலாம் எண்ணுக்குக் காது மந்தமானது. எழுத்துகளை ஓங்கித் தட்டினால்தான் திரையில் விழுந்தன. ஐந்தாம் எண் காலையில் சொன்னதை மதியம் மறந்துவிடும், ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய இணைப்புப் பட்டியலை யாரும் கேட்காமலே தெருத் தெருவாக ஒப்பிக்கும். ஆறாம் எண்ணுக்கு இருமல். அது இருமத் தொடங்கினால் வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னும் இருமுதா? சரி, பாவம், நாளைக்கு வர்றோம்" என்று கலைந்துபோனார்கள்.

ரிப்பேர்காரர் வந்து ஒவ்வொன்றின் முதுகையும் கழற்றிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு பணியாளர் பிரிவு எழுத்தரிடம் வந்து நின்றார். அந்த எழுத்தரைக் கடைநிலை ஊழியர் முதல் கணக்காளர் வரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "வேற ஒரு கோளாறும் இல்லக்கா, வயசு. வயசுக்கு மட்டும் ஸ்பேர் பார்ட்ஸ் வர்றதில்ல" என்றார் அவர்.

மேலாளருக்கு அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார்; அதற்கு இல்லை என்று பொருள். அவர் புதுக் கணினி கேட்டு எழுதிய ஒன்பதாவது கடிதத்துக்குத் தலைமை அலுவலகம் பதில் போட்டது. இந்த ஆண்டு ஒதுக்கீடு மூன்று கணினிக்கு மட்டும். இருப்பதில் மிகப் பழைய மூன்றைக் கழித்துக்கட்ட வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பழைய இரும்பு லாரி வரும். அலுவலகத்திலேயே மிகப் பழையது மூன்றாம் எண். அது அக்காவின் மேசையில் இருந்தது.

அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பு, பேருந்து ஓட்டுநரான அவளுடைய கணவர் படிக்கட்டில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதற்கே இரவெல்லாம் விழித்திருந்தாள். காலையில் அலுவலகம் வந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தால் மதியம்தான் கண் திறக்கும். திறக்கும்போது விடுப்புப் பதிவேடு முடிந்திருக்கும், கடிதங்கள் அடித்து அடுக்கப்பட்டிருக்கும். முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு முறை இடைவெளி விடுவது அவளுடைய கெட்ட பழக்கம். அந்த இரட்டை இடைவெளிகூட அப்படியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று. எட்டு மாதம், ஒரு நாள் தவறாமல். அவள் இதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. தினமும் ஐந்து மணிக்கு மூன்றாம் எண்ணின் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவாள், அவ்வளவுதான்.

"சார், மூணாம் நம்பர் மட்டும் லாரியில போக வேணாம் சார்."

"ஏம்மா, இருக்கிறதுலயே கிழடு அதுதானே?"

"அதனாலதான் சார் கேக்கறேன். நான் வேணா வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன்."

"கழிச்ச சாமானை ஊழியர்ங்க வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு விதி இருக்கும்மா. பார்க்கலாம். நீங்க முதல்ல ஏழுக்கும் படிவம் எழுதுங்க. எந்த மூணுன்னு அவங்களே சொல்லட்டும், பாவம் நமக்கு எதுக்கு?"

அக்கா இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களுக்கு மட்டுமே படிவம் எழுதியவள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க, கை தானாக அலமாரியின் மேல் தட்டுக்குப் போய் ஏழு படிவங்களை உருவியது. பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, எடுக்காத விடுப்பு எல்லாவற்றையும் நிரப்பினாள். கடைசிக் கட்டம், தங்கப்போகும் முகவரி. ஓய்வு பெறும் ஊழியருக்கு வீடுவாசல் நிலையாக இல்லையென்றால், கடிதம் தொலையக் கூடாது என்று தன் வீட்டு முகவரியையே எழுதிவிடுவது அவள் வழக்கம். அப்படியே ஏழிலும் எழுதி, உறையில் போட்டு அனுப்பினாள். மறுநாள் அலமாரியைச் சரிசெய்யும்போதுதான், பொருள் கழிவுப் படிவம் கீழ்த்தட்டில் கட்டுப் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்தாள். அவள் அனுப்பியது ஊழியர் பணி ஓய்வுப் படிவம்.

இனி விளக்கம் கேட்பார்கள், மூன்றாம் எண்ணோடு தன் வேலையும் லாரி ஏறிவிடும் என்று ஒன்பது நாள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் ஆணை வந்தது. ஏழு பேரின் ஓய்வுக்கும் அனுமதி வழங்கப்படுகிறது. அவர்களுடைய நீண்ட பணிக்கு நிர்வாகம் நன்றி தெரிவிக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மரியாதையுடன் விடுவித்து, குறிப்பிட்ட முகவரியில் சேர்க்க வேண்டும். காலியாகும் ஏழு பணியிடங்களும் விதிப்படி புதிய நியமனத்தால் நிரப்பப்படும். மேலாளர் அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏழுமா?" என்றார். பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக, "சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை லாரிக்காரர் வந்து வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மாலையில் டீயும் பிஸ்கட்டும் வைத்து விடைகொடுத்தார்கள். மேலாளர் எழுதிவந்த பேச்சைப் பாதி வாசித்துவிட்டுக் காகிதத்தைக் காவலரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். காது மந்தமான முதலாம் எண்ணுக்காக அவரது பேச்சின் மீதியைக் காவலர் சத்தம் போட்டு வாசித்தார். திங்கட்கிழமை காலை கதவு திறக்கும் முன்பே, ஏழு புதிய கணினிகள் வாசலில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் நியமன ஆணை ஒட்டியிருந்தது. யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சரியான நேரத்துக்கு வந்துவிட்டதே என்று வருகைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று கணினிக்கான ஒதுக்கீடு அப்படியே மிஞ்சியது. அதில் கூரையின் ஒழுக்கை அடைத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் கணவர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, ஏழும் ஏறியிருந்த வண்டியைப் பார்த்தார்.

"ஒண்ணுன்னு சொன்னே?"

"ஏழுக்கும் நம்ம அட்ரஸ் போட்டுட்டேங்க."

"எழுதறவ கைய யாரு பிடிக்கிறது? சரி சரி, ஜன்னல் பக்கம் வை, வெளிச்சமாவது வரட்டும்."

அன்று ராத்திரிதான் அந்த எட்டு மாதக் கதையை அவள் அவரிடம் சொன்னாள். காலையில் பார்த்தால், அவர் தன் சீப்பை எடுத்து மூன்றாம் எண்ணின் நரைமுடியை வகிடெடுத்து வாரிக்கொண்டிருந்தார்.

பகலெல்லாம் தனியாகக் கிடந்த மனிதருக்கு அதன் பிறகு பேச ஆள் கிடைத்தது. ஐந்தாம் எண் பழைய தெருக்களை ஒப்பிக்கும். அவர் அந்தத் தெருக்களில் பேருந்து ஓட்டியவர், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வாயாலேயே ஹாரன் அடிப்பார். ஆறாம் எண் இருமினால் போர்வையை இழுத்துவிடுவார். வருஷங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலாளரும் காவலரும் ரிப்பேர்காரரும் நலம் விசாரிக்க வந்துபோனார்கள்.

மூன்றாம் எண்ணுக்கு மட்டும் பழக்கம் விடவில்லை. தினமும் காலை பத்து மணிக்குத் தானாக விழித்து, 'பணிக்கு வந்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் தூங்கும். ஒரு விடுமுறை நாள் காலை அக்கா அந்தப் பக்கம் போனபோது, 'பணிக்கு வந்து' என்ற இடத்திலேயே அது கண்ணயர்ந்திருந்தது. அவள் சத்தமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பண்றே?" என்றார் கணவர்.

"ஷ்ஷ்... தூங்குது."

மீதி எழுத்துகளை ஒவ்வொன்றாக, மெதுவாக அடித்தாள். முற்றுப்புள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு, இரண்டு முறை இடைவெளி விட்டாள்.